கும்பப்பூ அறுப்பில் நடந்த பரீட்சை

என்னைப் பற்றி ஒருவன் தன் ஆராய்ச்சித் தாளில் எழுதினான். இந்த ஊர்ப் பிள்ளைகளின் தகப்பன்மார் அறிவு குறைந்தவர்கள், உதாரணத்துக்கு ஒரு நெல் வியாபாரி என்று. அந்த உதாரணம் நான்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான், அதை மறைத்ததே இல்லை. அந்த மூன்றாம் வகுப்பை வைத்துக்கொண்டுதான் கோட்டாறு சந்தையில் என் வண்டிகள் வந்தால் மற்றவன் விலையைத் திருத்துகிற நிலைக்கு வந்தேன். அதை அவன் எழுதவில்லை.

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்த திருக்கொச்சி மாநிலத்தில் நாங்கள் இருந்த காலம். அவன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரன். வயல்காட்டுப் பிள்ளைகளுக்கும் டவுன் பிள்ளைகளுக்கும் கணக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க, எங்கள் பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு நாள் பரீட்சை வைத்தான். நெல் மூட்டை அடுக்கும் என் கிட்டங்கிக்கு வந்து இரண்டு கேள்வி கேட்டான், மோர் குடித்தான், போனான். எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது, மேல்வகுப்பு வைப்பது வீண் என்று முடிவு எழுதினான். பள்ளிக்கூட மானேஜர் அதை நம்பி, ஜூன் மாதம் தொடங்க இருந்த ஆறாம் வகுப்பை வேண்டாம் என்றுவிட்டார்.

என் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. டவுன் ஏழு மைல். பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் விட என் வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். ஆறாம் வகுப்பு இல்லையென்றால் அவள் படிப்பு அதோடு சரி.

பரீட்சையில் அப்படி என்னதான் கேட்டார்கள் என்று அவளிடம் விசாரித்தேன்.

"எனக்கு எப்பிடிப்பா தெரியும்? அன்னைக்கு நான் களத்துல கதிர்க்கட்டு எண்ணிட்டுல்லா நின்னேன்" என்றாள்.

கதை அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது மாசி மாதம், கும்பப்பூ நெல் அறுப்பு. அந்த வாரம் நாஞ்சில் நாட்டில் கைகால் திடமான எந்தப் பிள்ளையும் வகுப்பில் உட்கார்ந்திருக்காது. அப்படியானால் பரீட்சை எழுதியது யார்?

மானேஜரைப் போய்ப் பார்த்தேன். அவரால் என் பேச்சைத் தட்ட முடியாது. பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டுக் கொடுத்தவன் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோரையெல்லாம் கூட்டினார். ஆராய்ச்சிக்காரனையும் விடைத்தாள்களோடு வரவழைத்தார்.

நான் எழுந்தேன். "சாரே, நெல்லு வாங்கணும்னா நான் மேல கெடக்கத அள்ளிப் பாக்க மாட்டேன். குத்தூசிய மூட்டைக்கு அடி வரைக்கும் எறக்கி இழுத்துப் பாப்பேன். அதும் ஒரு மூட்டையில இல்ல, பல மூட்டையில. நீரு எதுல குத்திப் பாத்தீரு?"

அவன் சிரித்தான். "அண்ணாச்சி, இது நெல்லு இல்ல, சயன்ஸ். வகுப்புல இருந்த அத்தனை பேருக்கும் வச்சேன்."

"இருந்தது யாருன்னு பாத்தீரா?"

விடைத்தாள் கட்டை வாங்கிப் பெயர்களை எழுத்துக் கூட்டி வாசித்தேன். நான் திணறுவதைப் பார்த்து அவன் மறுபடி சிரித்தான். சிரிக்கட்டும் என்று விட்டேன். முதல் பெயருக்குப் பின்வரிசையில் ஒருவர் எழுந்து, அது தன் இளைய பையன், மூன்றாம் வகுப்பு என்றார். அடுத்த பெயருக்கு ஒரு அம்மாள் அதையே சொன்னாள். பாதித் தாள் தாண்டுவதற்குள் கூட்டம் சிரித்து உருண்டது. அவன் சிரிப்பு எங்கே போயிற்றோ.

தலைமையாசிரியர் தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டார். பெஞ்சு காலியாகக் கிடந்தால் வந்தவர் என்ன நினைப்பாரோ என்று மூன்றாம் வகுப்பைக் கொண்டுவந்து நிரப்பியிருக்கிறார். ஆராய்ச்சிக்காரன் தலையை எண்ணிப் பார்த்ததோடு சரி, ஆஜர் புத்தகத்தைத் திறக்கவில்லை. தலைமையாசிரியரை நான் மன்னித்துவிட்டேன். அவர் பயத்தில் செய்தார். இவன் செய்தது திமிரில்.

வெளியே போய்த் தனியாகப் பேசலாம் என்று என் காதில் சொன்னான். மாட்டேன் என்றேன். அறுப்பு இல்லாத நாளாகப் பார்த்து, ஆஜர் புத்தகத்தில் உள்ள அத்தனை பிள்ளைக்கும், அதே நாளில் டவுன் பள்ளிக்கூடத்திலும், ஒரே தாளில் பரீட்சை வைக்க வேண்டும், பெயரை மறைத்து வேறொரு வாத்தியார் திருத்த வேண்டும் என்று கூட்டத்தில் வைத்தே கேட்டேன். யார் வயல் நெல் என்று தெரிந்தால் கண் பொய் சொல்லும், எனக்குத் தெரியாதா? மானேஜர் அப்படியே நடத்தினார்.

எங்கள் பிள்ளைகள் ஜெயித்தார்கள் என்று சொல்ல ஆசைதான். ஜெயிக்கவில்லை, தோற்கவும் இல்லை. இரண்டு பள்ளிக்கூடமும் சமம். ஆறாம் வகுப்பு திறக்க அது போதும். எனக்குப் போதவில்லை. தன் முடிவு தப்பு என்று அவன் கைப்பட எழுதித் தந்தால்தான் விடுவேன் என்று நின்றேன், வாங்கினேன். ஆறாம் வகுப்புத் திறப்பு நாளில் அவனை அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்து, அந்தக் கடிதத்தை என் மகளை விட்டு வாசிக்கச் சொன்னேன். மெதுவாக வாசி, ஒரு வார்த்தை விடாதே என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். அவள் விடவில்லை.

திரும்பி வரும்போது, "அப்பா, அந்த சார் அழுதாரு. பாவமா இருந்து" என்றாள்.

"அழட்டும் மக்களே. ஒனக்க படிப்ப நிறுத்தப் பாத்தவம்லா."

வீடு வரைக்கும் அவள் என்னிடம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். மறுநாள் காலையில் எண்ணெய் தேய்த்துத் தலைவாரி ஆறாம் வகுப்புக்குப் போனாள்.