மூன்றாம் ஓலை

உங்கள் அம்மாவுக்கும் எனக்கும் நிச்சயித்த கல்யாணம் ஒரு வாரம் நின்றுபோய்க் கிடந்தது. அது உங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. தேவ அழைத்தல் என்றால் சாமியாராகி அங்கி போடுவதுதான் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எப்படி மாறியது என்று சொல்ல, இந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு மஞ்சள்காமாலை. டாக்டரே கைவிட்டுவிட்டாராம். பிள்ளை பிழைத்தால் குருவாகக் கொடுத்துவிடுகிறேன் என்று என் அம்மா மாதா பீடத்தின் முன்னால் நேர்ந்துகொண்டார். நான் பிழைத்தேன். எட்டாவது முடித்ததும் சாமியாருக்குப் படிக்கிற குருமடத்தில் சேர்த்தார்கள். லத்தீனும் ஏறவில்லை, இங்கிலீஷும் ஏறவில்லை. கடைசியில் அதிபர் சாமியார் கூப்பிட்டு, உனக்கு அழைத்தல் இல்லை என்று தன்மையாகச் சொல்லி, பெட்டியோடு அனுப்பிவைத்தார்.

காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் பில் எழுதும் வேலை கிடைத்தது. அங்கே எல்லோருக்கும் நான் சாமியார்தான். “என்ன சாமி, அழுகின வெங்காயத்துக்குப் பாவசங்கீர்த்தனம், பாவமன்னிப்பு எல்லாம் உண்டா?” என்று மூட்டை இறக்குகிறவர்கள் கேட்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். கோவிலில் முழங்காலில் நிற்கும்போதுதான் கஷ்டம். நம்மை வேண்டாம் என்றவரிடம் போய் என்ன கேட்பது? வாய் மட்டும் ஜெபம் சொல்லும்.

எழுபதுகளின் நடுவில் அப்பா எனக்குப் பெண் பார்த்தார். பெண்ணின் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ஸ்ரீரங்கத்தில் ஒரு ஐயங்கார் வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தார்கள். வீட்டுக்காரருக்கு மரியாதை கொடுத்து மீன், கறி எதுவும் சமைப்பதில்லை. எங்களுக்குக் கேசரியும் காப்பியும் வந்தன. பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது பெண் என்னிடம் நேராகவே கேட்டாள், குருமடத்திலிருந்து ஏன் வந்தீங்க என்று. அனுப்பிட்டாங்க என்றேன். அவள் சிரிக்கவில்லை. இப்போது ஜெபம் பண்ணுகிறீர்களா என்று கேட்டாள். வரவில்லை என்று உண்மையைச் சொன்னேன். எனக்கும் சில நாள் வராது என்றாள். அவ்வளவுதான் பேச்சு. பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது, வெகுநாளைக்குப் பிறகு என்னை அறியாமல் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

நம்மிடம் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று. முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. அன்று பூசை முடிந்ததும் என் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராகச் சாமியாரின் அறைக்குப் போனார். நானும் அப்பாவும் பின்னாலேயே ஓடினோம்.

“தடை இருக்கு சாமி,” என்றார் அம்மா. “இவன் நேர்ந்துவிட்ட பிள்ளை.”

சாமியார் அங்கியைக் கழற்றிக்கொண்டே கேட்டார். “நேர்ந்தது யாரும்மா?”

“நான்தான்.”

“கொடுத்தீங்கல்ல? அப்புறம் என்ன? ஆண்டவர்தானே திருப்பி அனுப்பிச்சாரு.”

“அவர் வேண்டாம்னு அனுப்பினதை நான் எந்தத் தைரியத்துல இன்னொரு வீட்டுப் பொண்ணுகிட்ட கொடுக்கறது?”

அம்மாவுக்குப் பிடிவாதம் இல்லை, பயம். நேர்த்தி முறிந்தால் ஆண்டவர் என் உயிரைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று நடுங்கிப்போயிருந்தார். சட்டப்படி இது தடையே இல்லை, ஆனாலும் பெற்ற தாய் கண்ணீரோடு நிற்கும்போது மூன்றாம் ஓலையை வாசிக்க மாட்டேன் என்றார் சாமியார். அடுத்த ஞாயிறு வாசிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் தவறினால் திருநீற்றுப் புதன் வந்து தவக்காலம் தொடங்கிவிடும். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் வரைக்கும் தள்ளிப்போன கல்யாணம் அதற்குப் பிறகு நடக்கும் என்று யார் நம்புவார்கள்?

ஸ்ரீரங்கத்துக்குச் செய்தி போனது. பெண்ணின் அப்பா வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் சாயங்காலம் பெண்ணே தன் அம்மாவோடு வந்தாள். நேராக அடுக்களைக்குப் போய் என் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் சொன்னது கூடத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

“அத்தை, பயம் உங்களுக்கு மட்டும் இல்லை. இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா தனியா நிக்கப்போறது நான். நானே வரேங்கறேன். நீங்க தடுக்காதீங்க.”

அம்மா எழுந்தார். அடுப்பை மூட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசித்தார்கள். திங்கட்கிழமை அவசர அவசரமாகக் கல்யாணம் நடந்தது. பந்தல்காரர் கூட முழுசாகப் பந்தல் போட்டு முடிக்கவில்லை.

அதற்கப்புறமும் நான் ஒரு தும்மல் போட்டால் அம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மண்டி வேலை, வீட்டு வாடகை, வரிசையாக நீங்கள். இதைத்தான் அழைத்தல் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எண்பதுகளில் உங்களில் பெரியவளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. எனக்கு வந்த அதே நோய். ஆஸ்பத்திரியில் கட்டிலை ஒட்டித் தரையில் நானும் உங்கள் அம்மாவும் முறை வைத்து உட்கார்ந்திருந்தோம். மண்டிக்கு லீவு சொல்லிவிட்டேன். ஒரு மத்தியானம் என் அம்மா வந்தார். குழந்தையின் மஞ்சள் கண்ணைப் பார்த்துவிட்டு, மடியிலிருந்து ஜெபமாலையை எடுத்தார். குழந்தையைக் கன்னியாஸ்திரியாகக் கன்னிமடத்துக்கு நேர்ந்துவிடுவாரோ என்று உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் தடுக்க வாயைத் திறக்கப் போனேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகவே சொன்னார். “ஆண்டவரே, இது உம்ம பிள்ளை. பேரம் பேச வரலை. காப்பாத்தும்.”

பிறகு என் பக்கம் திரும்பி, “நீ ஏன்டா நிக்கறே? உன் இடத்துல உக்காரு,” என்றார்.

கட்டிலை ஒட்டித் தரையில் என் துண்டு விரித்திருந்தது. உட்கார்ந்து பெரியவளின் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தேன். அவளுக்குக் குணமாக ஒரு மாசத்துக்கு மேல் ஆயிற்று. எனக்கு அழைத்தல் இல்லை என்ற நினைப்பு அதற்குப் பிறகு வரவில்லை.