பூப் போடாமல் விட்ட இடம்

மலைமேல் செம்மேட்டில் எங்கள் ஸ்டூடியோ ஒரே அறைதான். என் கணவர் கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பார். நான் கடையைப் பார்த்துக்கொள்வேன். எடுத்த கேசட்டுகளை மலையிறங்கி நாமக்கல்லில் ஒரு எடிட்டரிடம் கொடுத்துவிட்டு வருவார். முகூர்த்த மாதமென்றால் முடிந்து வர மூன்று வாரமாகும். அந்த எடிட்டர் கெட்டிக்காரர். அவர் அறையில் ஏசி ஓடும். இரண்டு மானிட்டர், பெரிய கம்ப்யூட்டர், டிவிக்காரர்கள் வைத்திருக்கிற அதே எடிட்டிங் மென்பொருள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இரண்டாயிரம் தாண்டி இரண்டு மூன்று வருடம் இருக்கும். நாங்கள் டிஜிட்டல் கேமராவுக்கு மாறினோம். கூடவே சேலத்தில் ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரும் வாங்கினோம். கேமராவை அதில் இணைக்கிற கார்டின் அட்டைப்பெட்டிக்குள் ஒரு சிடி இருந்தது. புதிதாக வந்த எடிட்டிங் மென்பொருள். கல்யாணத்துக்கு முன்பு நான் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவள். ஒரு வாரத்தில் வெட்டவும் ஒட்டவும் வந்துவிட்டது.

இனி நாங்களே வெட்டிக்கொள்ளப் போவதாகக் கணவர் சொன்னதைக் கேட்டு எடிட்டர் சிரித்தாராம். “அது ஊட்டுல பொறந்தநாளுக்கு எடுத்த படத்த வெட்டறதுக்குங்க. மூணு மணி நேரக் கல்யாணத்தத் தாங்காதுங்க.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. பத்து நிமிடப் படத்துக்கே அது இரண்டு முறை நின்றுபோயிருந்தது.

அந்த மாசியில், எங்கள் மலையிலேயே தேவனூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா தை மாதத்தில் மிளகு பறிக்க ஏறியபோது ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தவர். மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் தன் தங்கை வீட்டில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். மலை வளைவுகளில் அந்தக் காலோடு பஸ் ஏற முடியாது. எங்களை வரச் சொல்லியிருந்தார், போனோம்.

“கல்யாணத்தத் தள்ளிப் போட வேண்டாம்னு நாந்தான் சொன்னேன். மூணா நாள் பொண்ணும் மாப்பிள்ளையும் இங்க வாராங்க. அதுக்கு முந்தி எனக்குப் படத்தக் காட்டிருங்க சாமி. எப்படி நடந்துச்சுன்னு அவங்ககிட்டயே கேட்டுக்கிட்டிருக்க எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்.”

என் கணவர் தரையைப் பார்த்தார். நாமக்கல்லில் அது நடக்காது என்று அவருக்குத் தெரியும். நான்தான் முந்திக்கொண்டு, “கொண்டாரோமுங்க” என்றேன்.

கல்யாணம் முடிந்த மத்தியானமே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். முதல் அரை மணிப் படம் ஒழுங்காக ஓடியது. போகப்போகச் சத்தம் பின்தங்கியது. தாலி கட்டி முடித்த பிறகு கெட்டிமேளம் கேட்டது. கடைசியில் மொத்தக் கல்யாணத்தையும் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனியாக ஏற்றினேன். துண்டு சிறியதாக இருந்தால் சத்தம் தவற இடமில்லை.

இன்னொரு சங்கடம். தாலிக்குச் சற்று முன்பு பெண் தலையைத் திருப்பிப் பந்தல் வாசலைப் பார்க்கிறாள். ஏழெட்டு நொடி அப்படியே இருக்கிறாள். கேமராவைப் பார்க்காத முகத்தை நாமக்கல்லில் அப்படியே விட மாட்டார்கள். அந்த இடத்தில் திரையில் ஒரு ரோஜாப்பூப் படம் சுழன்று வந்து முகத்தை மூடும். நானும் ஒரு பூவைப் போட்டேன். கம்ப்யூட்டர் உறைந்தது. மறுபடி போட்டேன், மறுபடியும் உறைந்தது. அதற்குள் கரண்டும் ஒருதரம் போய் வந்தது. பூ வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் முதல் பஸ்ஸில் சிடிகளோடு இறங்கினேன். தங்கை வீட்டார் டிவியைக் கட்டிலுக்கு நேராக நகர்த்தி வைத்தார்கள். அவர் தலையணையில் சாய்ந்து பார்த்துக்கொண்டு வந்தார். பெண் வாசல் பக்கம் திரும்பியதும் கையைத் தூக்கினார்.

“நிறுத்து கண்ணு.”

ஏதோ தப்பாகிவிட்டது என்று பதறி நிறுத்தினேன்.

“என்னையத்தான் பாக்குது” என்றார். “இன்னொருக்காப் போடு.”

நான்கு முறை போட்டேன். நான்காம் முறை அவர் திரையைப் பார்க்கவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார்.

உச்சிவேளையில் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அவள் கட்டிலோரம் உட்கார்ந்ததும் அவர், “வாசல அப்படிப் பாத்துக்கிட்டே இருந்தயே சாமி. நானும் பாத்துட்டேன்” என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன்.

அடுத்த வாரம் கணவர் அந்த சிடிகளின் பிரதியை எடிட்டரிடம் காட்டியிருக்கிறார். அன்று சாயங்காலமே எடிட்டர் கடைக்கு போன் செய்தார்.

“ஏனுங்க, அந்தப் பொண்ணு பாக்கற எடத்த வேணும்னேதான் விட்டீங்களா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “இல்லீங்க. பூப் போட்டேன், கம்ப்யூட்டர் நின்னுபோச்சு.”

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு குரல் மாறியது. “எம் மிஷினு நிக்காதுங்க. நான் பூவப் போட்டிருப்பேன். இத்தன வருசமா எத்தன முகத்த மூடுனனோ தெரியல.” அதோடு விடாமல், “ஆனா உங்க கலரு சரியில்லீங்க. பந்தலுக்குள்ள எல்லாரும் மஞ்சளா இருக்காங்க. அதுக்கு அந்த சாப்ட்வேர்ல வழியிருக்குதான்னு தேடிப் பாருங்க” என்றார்.

தேடினேன்; இருந்தது. அவ்வளவு சுத்தமாக வரவில்லை, ஆனாலும் முகங்கள் முகங்களாகத் தெரிந்தன. சில மாதம் கழித்து அவரும் அதே மாதிரி மென்பொருள் ஒன்றை ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டு, சத்தம் தவறாமலிருக்க நான் என்ன செய்தேன் என்று கேட்டார். சொன்னேன். பெரிய மண்டபக் கல்யாணங்களெல்லாம் அவருடைய பெரிய மிஷினிலேயே ஓடின. அந்த வேகமும் சுத்தமும் எங்களுடையதற்கு வரவேயில்லை.

வைகாசியில் மலையில் எடுத்த நாலு கல்யாணத்தையும் நானே வெட்டினேன். டைட்டிலில் ‘எடிட்டிங்’ என்று அடித்து அதன் கீழே என் பெயரைப் போட்டபோது, கணவர் பின்னால் நின்று எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தார்.