பின்சக்கர பிரேக்கும் அண்ணன் மேல் விழுந்த பழியும்

எங்கள் அண்ணன் பழவேற்காடு ஏரியிலுள்ள பசியாவரம் தீவில், கையால் இறால் தடவிப் பிழைத்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அடுத்தவள் நான். போன வருடம் இதே நாளில் எங்களை விட்டுப் போனார். இப்படி ஒரு நினைவு மலரில் நல்ல வார்த்தை நாலு எழுதி, படத்தைப் போட்டு முடிப்பதுதான் வழக்கம். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. நம் சொந்தக்காரர்கள் அண்ணனுக்கு வைத்த பெயர் ‘பிரேக் இல்லாத மேஸ்திரி’. அப்படிச் சொல்லிச் சிரித்தவர்களில் பலர் கையில் இந்த மலர் இருக்கிறது. அந்தப் பெயர் பொய் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் பத்தாவதோடு படிப்பை நிறுத்திப் படகு இன்ஜின்களைப் பிரித்துப் பழகினார். பிறகு மீஞ்சூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். விடியற்காலையில் படகேறி அக்கரை போய், பஸ் பிடித்து வேலைக்குப் போவார். சொந்தமாக ஒரு ஒர்க்‌ஷாப் வைக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததில்லை. அப்போதுதான் சென்னைக்காரர் ஒருவர் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை அண்ணனிடம் விட்டார். இரண்டு கதவு, இரண்டு சீட்டு, தரையோடு தரையாக இருக்கும். பின்பக்கம் ஆடாமல், பிரேக் கச்சிதமாகப் பிடித்தால் தன் நண்பர்களின் பழைய கார்களையெல்லாம் அண்ணனிடமே தருவதாகச் சொன்னார். அதை நம்பி அண்ணன் மீஞ்சூரில் இடம்கூடப் பேசி வைத்தார்.

“இறால் தடவறவன் புள்ளைக்கு ரேஸ் காரு இன்னாத்துக்குடா?” என்று எங்கள் சித்தப்பா கேட்டார்.  அண்ணன் பழவேற்காட்டுக் கரையில் எங்கள் நைனாவின் வலைக்கொட்டகையில் காரை நிறுத்தி, லீவு நாட்களில் வேலை பார்த்தார். துருப்பிடித்த ஸ்பிரிங், எண்ணெய் கசிந்த ஷாக் அப்சார்பர், நைந்துபோன ரப்பர் புஷ் எல்லாவற்றையும் கழற்றிப் புதிது போட்டார். பின்சக்கரங்களுக்கு, சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் பேடும் புதிதாக வந்தன.

கடைசி நாள் பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, ஆள் வேண்டுமென்று என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். “மிதி” என்றால் மிதிப்பேன், “விடு” என்றால் விடுவேன். இடது பக்கம் முடிந்தது. வலது பக்கம் தொடங்கும்போது பிரேக் ஆயில் தீர்ந்துவிட்டது. வாங்கி வர மீஞ்சூர் போனார்.

ஏரிக்கரையில் இரும்பு எதுவும் வெறுமனே கிடக்காது. நங்கூரமோ இன்ஜினோ போல்ட்டோ, எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்துத்தான் வைப்போம். இல்லாவிட்டால் உப்புக்காற்று ஒரே நாளில் தின்றுவிடும். சக்கரம் இல்லாமல் அந்த வலது பக்க டிஸ்க் பளபளவென்று காற்றில் நின்றது. அண்ணன் பாடுபட்டது துருப்பிடிக்கக் கூடாதே என்று, படகு இன்ஜினுக்கு வைத்திருந்த துணியை எடுத்து நான் அதைத் துடைத்தேன். எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது என்று எனக்குத் தெரியாது.

அண்ணன் திரும்பி வந்து ஏர் எடுத்து முடித்து, சக்கரத்தை மாட்டும்போதே கார்க்காரர் வந்துவிட்டார்.

“சார், கொஞ்ச தூரம் நான் ஓட்டிப் பாத்துட்டுத் தரேன்” என்றார் அண்ணன்.

“எனக்கு நேரமில்ல. ஏறு, நானே பாத்துக்கிறேன்.”

வழியில் ஒரு ஆட்டோ குறுக்கே வர, அவர் பிரேக்கை மிதித்தார். ஒரு பின்சக்கரம் பிடித்தது, இன்னொன்று வழுக்கியது. கார் திரும்பிப் போய்ப் பாலத்துச் சுவரில் முகத்தை இடித்துக்கொண்டது. யாருக்கும் அடியில்லை. “கார் வேலைன்னா வலை பின்றதுனு நெனச்சியா?” என்று அவர் ஊர் பார்க்கக் கத்தினார்.

மறுநாள் அண்ணன் வழுக்கிய சக்கரத்தைக் கழற்றினார். பேட் முழுக்க எண்ணெய்.

“பாப்பா, நான் மீஞ்சூர் போயிருந்தப்ப யாராச்சும் இதத் தொட்டாங்களா?”

“யாரும் வரலண்ணா.”

“நீ ஏதாச்சும்?”

“இல்லண்ணா.”

“அப்ப ஏர் எடுக்கறப்ப நான்தான் ஆயிலைச் சிந்திட்டேன் போல” என்றார்.

என்னை அவர் சந்தேகப்படவே இல்லை. நான் பயந்து சொன்ன பொய் அது. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

அதன்பிறகு ஒரு காரும் வரவில்லை. பேசி வைத்த இடமும் கைவிட்டுப் போனது. கடைசிவரை அடுத்தவர் ஒர்க்‌ஷாப்பிலேயே வேலை பார்த்தார். பிரேக் வேலை வந்தால் வேறு ஆளிடம் தள்ளிவிடுவார். ஒரு நட்டை முடுக்கிவிட்டு மூன்று முறை திரும்பிப் பார்ப்பார். அதைக்கூடக் கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டிச் சிரித்தீர்கள்.

சிறுநீரகம் கெட்டு மருத்துவமனையில் கிடந்தபோது ஒரு நாள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க தப்பு பண்ணேன்னு எத்தினியோ தபா யோசிச்சிட்டேன் பாப்பா. புடிபடல” என்றார். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் போய்விட்டார்.

நோயில் கிடந்தவரை ஏரி கொந்தளித்த நாளிலும் படகில் அக்கரை சேர்த்தவர்களுக்கும், முறைவைத்து மருத்துவமனையில் தங்கிய மீஞ்சூர் நண்பர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சிரித்தவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களைத் திட்டவும் யோக்கியதை இல்லை. நீங்கள் தெரியாமல் சிரித்தீர்கள். நான் தெரிந்தே பக்கத்தில் நின்றேன்.

அண்ணா, நீங்கள் ஆயிலைச் சிந்தவில்லை. அந்த டிஸ்கைத் துடைத்தது நான்.

– தங்கை