‘அசதி’ என்று சொன்னால் பாட வேண்டும்

ரோஸ்லின் அக்கா மறைந்த செய்தி எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. சனிக்கிழமை காலை, மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தேன். ‘நம் அன்புச் சகோதரி ரோஸ்லின் மாரடைப்பால் இறைவனடி சேர்ந்தார். இன்றைய வீட்டுச் சந்திப்புகள் வழக்கம்போல நடக்கும்.’ கூடவே ஒரு கும்பிடும் கை, ஒரு சிரித்த முகம். சிரித்த முகம் தவறுதலாக விழுந்திருக்கலாம். எங்கள் இயக்குநர் மேடத்தின் விரலுக்கு அது பழகிவிட்டது.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாந்தோம் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர், வாத்தியார் வீட்டுப் பெண். மயிலாப்பூரில் உள்ள எங்கள் அறக்கட்டளையில் களப்பணியாளராக இருந்தார். அடையாற்றங்கரையிலிருந்து ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவைக்கப்பட்ட குடும்பங்களில், கணவனிடம் அடிபடும் பெண்களைப் போய்ப் பார்ப்பது அவருடைய வேலை. மன்னிக்கவும், ‘சேவை’ என்று சொல்ல வேண்டும். வேலை என்றால் லீவு கேட்டுவிடுவோம் அல்லவா?

நான் சேர்ந்த புதிதில் அக்காவோடு ஒரு வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒருவன் இரும்புக் கம்பியோடு நின்றான். நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அக்கா தரையில் உட்கார்ந்து, “நைனா, அத்த கீழ வெச்சிட்டு ஒரு டீ வாங்கினு வா. தல வலிக்குது” என்றார். சனியன், போய் வாங்கிக்கொண்டு வந்தான்! திரும்பும்போது பஸ்ஸில் அக்காவின் கை நடுங்கியது. “பயப்படாத. வீட்டுக்குப் போறதுக்குள்ள நின்னுடும்” என்றார்.

அக்கா அலுவலகத்தில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மோசமான ஒரு வீட்டுக்குப் போய்வந்தால், மறுநாள் எங்களை வீட்டில் இருக்கவிட வேண்டும். “நாம எல்லாரும் ஒரே குடும்பம் ரோஸ்லின். குடும்பத்துல யாராவது லீவு கேப்பாங்களா?” என்றார் மேடம். லீவுக்குப் பதிலாக எங்களுக்குப் ‘புத்துணர்ச்சி வட்டம்’ கிடைத்தது. வெள்ளிக்கிழமை மாலையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஆளுக்கொரு நல்ல செய்தி சொல்ல வேண்டும். யார் வாயிலாவது ‘அசதி’, ‘வலி’, ‘முடியல’ என்று வந்துவிட்டால் எழுந்து பாட வேண்டும். பாடினால் எதிர்மறை எண்ணம் கரைந்துவிடுமாம். என்ன கண்டுபிடிப்பு!

அக்காவுக்குக் கோயில் பாடகர் குழுவில் பழகிய குரல். அதுவே வினையாகிவிட்டது. அவர் அசதி என்று சொன்னாலே, பாட ஆசைப்பட்டுத்தான் சொல்கிறார் என்று எல்லோரும் எண்ணத் தொடங்கினார்கள்.

கடைசி வெள்ளிக்கிழமை அவர் நெடுநாளாகப் பார்த்துவந்த பெண் அடிபட்டே செத்துப்போனாள். பிணவறையில் அவளை அடையாளம் காட்டிவிட்டு அக்கா நேரே வட்டத்துக்கு வந்தார். “மேடம், நெஞ்ச அடைக்குது. ரொம்ப அசதியா இருக்கு. நான் வீட்டுக்குப் போறேனே” என்றார்.

கைதட்டினார்கள். “பாட்டு! பாட்டு!”

“அவங்கள விடுங்க மேடம், நெஜமாவே முடியல” என்று நான் கத்தினேன். “‘முடியல’ன்னுட்டீங்க! அடுத்த பாட்டு உங்களுது” என்று மேடம் சிரித்தார். அக்கா எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். எழுந்தார். மாதா பாட்டு ஒன்றைப் பாடினார். மேலே போகும் இடத்தில் குரல் அறுந்தது. மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தார். “பாருங்க, முகம் எப்படிப் பளபளன்னு ஆயிடுச்சு!” என்றார் மேடம். அது வேர்வை.

படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பாடினப்புறமும் வலிக்குதுடி. நான் சரியாப் பாடலையோ என்னவோ” என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன். போய்ப் படுத்தால் போதும் என்றுவிட்டார். ஆட்டோவில் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

கல்லறையில் குருவானவர் அக்காவின் நித்திய இளைப்பாற்றிக்காக, அதாவது முடிவில்லாத ஓய்வுக்காக, மன்றாடினார். மேடம் கைகூப்பி, எல்லோரையும்விட உரக்க ‘ஆமென்’ சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே வரும்போது மேடம் அக்காவின் அலுவலக போனை என் கையில் வைத்தார். “ரோஸ்லின் பாத்த வீடெல்லாம் இனிமே நீங்க பாத்துக்குங்க. அவங்க ஆத்மா சந்தோஷப்படும்” என்றார். பதில் சொல்வதற்குள் போன் அடித்தது.

“யக்கா, அந்தாளு குடிச்சிட்டு கதவ இடிச்சிக்கினு கீறான். இன்னாக்கா பண்றது? வரியாக்கா?”

ஒரு பெண்ணின் குரல். பின்னால் கதவு இடிபடும் சத்தம். அக்கா இல்லை என்று அந்த நேரத்தில் அவளிடம் எந்த வாயால் சொல்வேன்? “கதவத் தெறக்காதம்மா. வரேன்” என்றேன். குழியில் அள்ளிப்போட்ட கல்லறை மண் என் கையில் அப்படியே இருந்தது.

இறந்தவர்களைப் ‘போய் வாருங்கள்’ என்று வழியனுப்புவது நம் வழக்கம். அக்கா, உங்களை அப்படி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வராதீர்கள் அக்கா. படுத்திருங்கள்.