பெண்கள் பக்கத்துப் பெஞ்சு

பாச்சை உருண்டை வாடை மூக்கில் ஏறினால் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம். இன்று காலையும் பீரோவைத் திறந்து ரூபியின் வெள்ளைச் சேலைகளுக்குள் கையை விட்டேன். ரூபி என் மனைவி. அவளைக் கோயிலுக்குக் கிளப்புவதும் சேலை கட்டிவிடுவதும் இப்போது என் பொறுப்பு. எரியோடு, வேடசந்தூர்ப் பக்கமெல்லாம் மின்கம்பத்தில் ஏறி இறங்கி ரிட்டயர் ஆனவன் நான். கொசுவம் மடிப்பதற்குக் கம்பமே தேவலை. ஒரு மடிப்பைப் பிடித்தால் முந்தின மடிப்பு நழுவிவிடும். ஊக்கை வாயில் கவ்விக்கொண்டு முழங்காலில் நின்று நான் மல்லுக்கட்டுவதை அவள் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லாத்தான் கட்டுறீக. எந்த வார்டு நீங்க?" என்றாள்.

"பொது வார்டு" என்றேன். வேறு என்ன சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

அவள் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அப்போதெல்லாம் திண்டுக்கல் டவுனுக்குள் அவளோடு கடைத்தெருவுக்குப் போவது ஒரு பாடு. பத்தடிக்கு ஒருத்தி நிறுத்துவாள். "சிஸ்டர், என்னயத் தெரியலையா? எம்மகன் பொறந்தப்ப நீங்கதான கூட இருந்தீக" என்பாள். "தெரியாமயா? பய நல்லா இருக்கானா?" என்று ரூபி முகமெல்லாம் சிரிப்பாள். நாலு கடை தள்ளி வந்ததும் என் காதோரம், "சத்தியமா யாருன்னே தெரியலைங்க" என்பாள். ஆயிரம் பேருக்குப் பிரசவம் பார்த்தவள் ஆயிரம் முகத்தையுமா ஞாபகம் வைத்திருப்பாள்? ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் இருக்காது. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் எங்களைக் கெடுத்தது. அவளுக்கு நிஜமாகவே முகங்கள் மறக்கத் தொடங்கியபோது யாருக்கும் தெரியவில்லை. எல்லாரையும் பார்த்து அதே சிரிப்பு, அதே "நல்லா இருக்கீகளா". என்னைப் பார்த்தும் அப்படிச் சிரிக்க ஆரம்பித்தது எந்த நாளில் என்று எனக்கே தெரியாது.

வெள்ளைச் சேலையைத் தொட்டாலே எனக்குக் கேரம் பவுடர் ஞாபகம் வந்துவிடும். சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆட்டம் நடக்கும். ஆட்டம் முடிந்து எழுந்தால் நாலு பேர் மடியும் வெள்ளையாக இருக்கும். நாலு பேர் என்றால் நானும் ரூபியும், என் சிநேகிதன் தங்கையாவும் அவன் மனைவி எஸ்தரும். தங்கையா யூனியன் ஆபீஸில் ஓவர்சீயராக இருந்து என்னோடு ஒரே வருஷம் ரிட்டயர் ஆனவன். ஆண்கள் ஒரு கட்சி, பெண்கள் ஒரு கட்சி. நாங்கள் ஜெயித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஊசி போட்டுப் பழகின கை ரூபிக்கு. காயைத் தொட்டமாதிரியே தெரியாது, குழிக்குள் போயிருக்கும். எஸ்தர் ஆயக்குடிக் கொய்யாவை நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொண்டுவருவாள். அந்தக் கையோடு ஸ்ட்ரைக்கரைத் தொடாதே என்று ரூபி என்னை அதட்டுவாள்.

"ஏலே, பொண்டாட்டிகிட்டத் தோக்குறதெல்லாம் தோல்வில சேத்தியில்லடா. அதுக்குப் பேரு குடும்பம்" என்பான் தங்கையா.

பாவி, அவன் ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டான். எஸ்தரை மகன் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். தங்கையா போனதற்கு அழுது தீர்த்தேன். ஆனால் எஸ்தர் போனதில்தான் எங்களுக்கு இடுப்பே ஒடிந்தது. கோயிலில் ரூபி பக்கத்தில் உட்கார்ந்தவள் அவள்தான்.

கோயில் என்று நான் சொல்வது தேவாலயத்தை. எங்கள் சபையில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம், நடுவில் நடைபாதை. அதில் ஒரு சிவப்புக் கம்பளம். புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும் வாசல்வரைதான் ஜோடி. கல்யாணமான முதல் ஞாயிறு மட்டும் முன்பெஞ்சில் சேர்ந்து உட்காரலாம். அன்றைக்கு நானும் ரூபியும் உட்கார்ந்தோம். அவ்வளவுதான். மறு ஞாயிறே பிரித்துவிட்டார்கள். நான் கெட்டிக்காரன், என் பக்கத்தில் கம்பளத்தை ஒட்டின ஓர இடத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் அவள் பக்கத்தில் அதே வரிசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். காலமெல்லாம் அப்படித்தான் போனது. பிரசங்கத்தில் எனக்குத் தலை சாய்ந்தால் அங்கிருந்து ஒரு கனைப்பு வரும். என் மூக்குக்கண்ணாடி எப்போதும் அவள் பையில் இருக்கும். பாட்டு நம்பர் சொன்னதும் நான் கையை நீட்டுவேன், அவள் கம்பளத்துக்கு மேலாகக் கொடுப்பாள். இதைப் பார்த்துத் தங்கையா தலையில் அடித்துக்கொள்வான்.

ரூபியை மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினேன். மாத்திரை தந்தார். "நான் யார், நான் யார்னு கேட்டுக்கிட்டே இருக்காதீங்க, அவங்க பயந்துருவாங்க" என்றார். நான் கேட்கிற ஆளா? வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். கல்யாணப் போட்டோவைக் காட்டிக் கேட்டேன். வல்லாரையை அரைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். பக்கத்து வீட்டு ஜமீலா, "அல்லா குடுப்பான் மாமா, நீங்க மனசு விடாதீக" என்று பாதாம் அரைத்துக் கொண்டுவந்து தருவாள். அதைக் குடிக்க வைத்துவிட்டும் கேட்டேன். உபவாசம் இருந்தேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதேன். ஆண்டவரே, என் காலை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும், கண்ணை எடுத்துக்கொள்ளும், நான் யார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியட்டும் என்று கெஞ்சினேன். இன்றைக்கும் கெஞ்சுகிறேன். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

எஸ்தர் போனபிறகு ரூபி ஆராதனை நடுவில் எழுந்து நிற்க ஆரம்பித்தாள். திருவனந்தபுரத்தில் இருக்கிற மகள் போனில் சொன்னாள், "அப்பா, நீங்க அம்மா பக்கத்துலயே போயி உக்காருங்க. இந்தக் காலத்துல யாரு கேக்கப் போறா?" எனக்குக் கூச்சம். கிழவன் இந்த வயதில் பெண்கள் பெஞ்சுக்குப் போகிறானே என்று நாலு பேர் சிரிப்பார்களே என்ற நினைப்பு. அந்த நினைப்பிலேயே கொஞ்ச நாள் போனது. ஒரு ஞாயிறு அவள் எழுந்து நின்று மலங்க மலங்க விழித்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. கம்பளத்தைத் தாண்டிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நகர்ந்தாள். மரியாதையாகத்தான் சொன்னாள், ஆனால் நாலு பெஞ்சுக்குக் கேட்டது.

"ஐயா, இது லேடீஸ் பக்கம். ஆம்பளைக அங்கிட்டு உக்காரணும். எங்க வீட்டுக்காரவுக பாத்தா வருத்தப்படுவாக."

எழுந்து என் இடத்துக்கே வந்தேன். காது மடல் சுட்டது. செத்த நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், ரூபி இந்தப் பக்கம் பார்க்கிறாள். என்னைப் பார்க்கிறாள். புருவத்தை உயர்த்தி, வந்தாச்சா என்கிற மாதிரி ஒரு தலையசைப்பு. அது கடைத்தெருச் சிரிப்பு இல்லை. நிஜமாகவே எனக்கானது. பக்கத்தில் போனால் நான் யாரோ ஆள். கம்பளத்துக்கு இந்தப் பக்கம் இருந்தால் அவள் புருஷன். அடேயப்பா, அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. வீட்டிலும் நாற்காலியை எதிர்ச் சுவரோரம் இழுத்துப் போட்டுத் தள்ளியே உட்கார்ந்து பார்த்தேன். வீட்டில் அது பலிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலில்தான் நான் அவளுக்குப் புருஷன். வாரம் முழுக்க அந்தச் செத்த நேரத்துக்காகவே இருந்தேன்.

எங்கள் ஐயர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம், இவர் இளவயதுக்காரர். சில வாரத்துக்கெல்லாம் பிரசங்க பீடத்திலிருந்தே அறிவித்துவிட்டார், இனிமேல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வேண்டாம், குடும்பம் குடும்பமாகச் சேர்ந்து உட்காருங்கள் என்று. வாசலில் என் கையைப் பிடித்து, "அண்ணாச்சி, உங்களையும் அக்காவையும் மனசுல வச்சுத்தான் செஞ்சேன்" என்றார். நல்ல மனிதர். எல்லாரும் ஜோடி ஜோடியாக இடம் மாறினார்கள். நான் ஒருவன் மட்டும் என் ஓரத்தை விட்டு அசையவில்லை. அசைந்தால் அவளுக்கு என்னைத் தெரியாதே.

இன்று காலை அவளை அவள் இடத்தில் உட்கார வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன். முதல் பாட்டு ஆரம்பித்தது. அவள் திரும்பினாள். நான் தாடையைத் தூக்கிக் காட்டினேன். அவள் கண் என்மேல் பட்டது, நிற்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த ஜன்னலுக்குப் போய்விட்டது. மறுபடியும் திரும்பினாள். நான் கையைக்கூட ஆட்டினேன், கோயில் என்றும் பார்க்காமல். அந்தக் கடைத்தெருச் சிரிப்பைத்தான் சிரித்தாள். அப்புறம் அவள் பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்துத் தன் பக்கத்தில் பெஞ்சின்மேல் விரித்து வைத்தாள்.

இனி இந்தப் பக்கம் இருந்து என்ன ஆகப்போகிறது? எழுந்து போனேன். பக்கத்து வரிசையில் ஒரு பையனும் அவன் மனைவியும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து கைக்குட்டையை எடுக்கப் போனேன். ரூபி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"ஆள் வருதுங்க" என்றாள்.

"யாரு வாரா?"

"எங்க வீட்டுக்காரவுக. சேந்தே உக்காரலாம்னு ஐயர் சொல்லிட்டாருல்ல, அதான் எடம் போட்டிருக்கேன். இம்புட்டு வருசமும் தள்ளித் தள்ளியே உக்காந்துட்டோம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்கிட்டுப் போனாகன்னு தெரியல. நீங்க வெளிய பாத்தா செத்த வரச் சொல்றீகளா?" என்றாள்.

சொல்கிறேன் என்றேன். பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். கூட்டம் ஏற ஏற, இடம் கேட்டு வந்த ஒவ்வொருவரிடமும் ஆள் வருது, ஆள் வருது என்று சொல்லி அனுப்பினாள். வாசலில் நிழல் விழும்போதெல்லாம் என்னைத் தாண்டித் திரும்பிப் பார்த்தாள். நான் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன்.

எங்கள் கோயிலில் இப்போது ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று எதுவும் கிடையாது. நடுவில் கிடந்த கம்பளத்தைக்கூடச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டார்கள். யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம்.