சவுரியம்மாள் வீட்டு வாசல்

வண்டி சேரிக்குள் வந்து நின்றதுமே சவுரியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது, அந்தச் சாமான் தன் வீட்டுக்குள் போகாது என்று.

வைக்கோல் பரப்பிய வண்டியில் ஒரு கிராமபோன் இருந்தது. தேக்குப் பெட்டி அவள் இடுப்பளவு உயரம். அதைக்கூட நாலு பேர் சாய்த்துப் பிடித்து உள்ளே தள்ளிவிடலாம். அதன் மேல் மாட்டுகிற குழாய்தான் பூதம். கறுகறுவென்று, ஊமத்தம் பூவைப் போல விரிந்து, வாய் மட்டும் இரண்டு முழம் இருந்தது. அவள் வீட்டு வாசலோ ஒன்றரை முழ அகலம். உயரம் அவள் மார்பு வரைதான்.

வண்டிக்காரர் சத்தார் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாம்மா இது? பங்களா கூடமே இதுக்குப் பத்தலேன்னு முதலாளி வூட்டு பேகம் அனுப்பி வச்சாங்க. உன் வீட்டுக்குள்ள இது எங்க பூரும்? பேஜார் புடிச்ச சாமான். உள்ள போவாட்டி திருப்பி எடுத்தாந்துடுன்னு முதலாளி சொல்லிக்கீறார்."

முதலாளி என்பவர் அமீர் பாஷா. ஆம்பூரில் பாலாற்றை ஒட்டி அவருக்குத் தோல் பதனிடும் ஷாப்பு. லண்டனுக்குத் தோல் விற்கப் போனவர் அங்கிருந்து இந்தக் கிராமபோனை வாங்கி வந்தார். சவுரியம்மாளின் புருஷன் இருதயராஜ் அவருடைய சுண்ணாம்புக் குழியில் முப்பது வருஷம் நின்றவன். போன வருஷம் குழியில் இறங்கும்போது கால் வழுக்கிச் சுண்ணாம்புத் தண்ணீர் முகத்தில் அடித்தது. இரண்டு கண்ணும் போயிற்று. சவுரியம்மாள் அவர் பங்களா வாசலில் ஏழு தடவை போய் நின்றாள். அவள் கேட்டது அரிசி. கிடைத்தது பாட்டுப் பெட்டி. ஏழையின் கண்ணுக்கு என்ன ஈடு என்பதைப் பறித்தவனே தீர்மானிக்கிற நாடு இது.

வேண்டாம் என்று அவள் சொல்லியிருப்பாள். ஆனால் ஏழாவது தடவை புருஷனையும் கூட்டிப் போயிருந்தாள். உள்ளே அந்தக் கிராமபோன் பாடிக்கொண்டிருந்தது. ஒரு வருஷமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஊட்டினால் தின்று, கேட்டதற்கு 'உம்' கொட்டிக்கொண்டிருந்த மனிதன் தலையை நிமிர்த்தினான். "சவுரி, யாரு பாடறா? இன்னொரு வாட்டி பாடச் சொல்லேன்" என்றான். ஒரு வருஷத்தில் அவன் முழுசாகப் பேசிய முதல் பேச்சு. இன்று இந்தச் சாமான் திரும்பிப் போனால் அவனும் சுவர்ப் பக்கமே திரும்பிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

"உள்ள போவும். நீங்க இறக்குங்க பாய்" என்றாள்.

பெட்டி போயிற்று. குழாய் போகவில்லை. கழுத்தை முதலில் விட்டுப் பார்த்தார்கள், வாய் மாட்டிக்கொண்டது. கவிழ்த்துப் பார்த்தார்கள், கழுத்து நிலையில் இடித்தது. ஏலகிரிப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஐப்பசி மாசம்.

"வாசலைக் கொஞ்சம் வெட்டினா இன்னாக்கா?" என்றாள் பக்கத்து வீட்டு சௌந்தரம்.

சுற்றி நின்றவர்கள் சேரி முனையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தச் சேரியில் எந்த வாசலும் ஆள் உயரத்துக்கு இருக்கக் கூடாது. மண் முழுக்கத் தன் பட்டாவில் இருக்கிறது என்று மணியக்காரர் ஆதிகேசவன் சொல்லுவார். காகிதத்தை யாரும் பார்த்ததில்லை. தன் வீட்டுக்குள் நுழைவதற்கே அவனவன் குனிய வேண்டும், அதுதான் ஊர்க் கட்டுப்பாடு. சேரியில் பாதிப் பேர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. பெயர் மாறிற்று, வாசல் உயரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒருவன் நிலையை ஒரு சாண் ஏற்றினான். மறுநாளே அவன் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். பிரிக்கச் சொன்ன வாய் மணியக்காரருடையது, பிரித்த கை சேரிக்காரனான வெட்டியான் ரத்தினசாமியுடையது.

அந்த ரத்தினசாமி எதிர்வீட்டு நிழலில் நின்றுகொண்டிருந்தான். "தங்கச்சி, செவுத்துல மட்டும் கை வெச்சுடாதே. அப்புறம் என்னை நொந்துக்காதே" என்றான்.

அப்போது இருதயராஜ் எழுந்து வந்தான். குழாயைத் தடவினான். விளிம்பை நகத்தால் சுரண்டினான், சுண்டினான், முகர்ந்தான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அடப் பைத்தியங்களா, இது தகரம் இல்லே. தோலு! காஞ்சு விறைச்ச தோலு. ஈரச் சாக்கு சுத்தி வையுங்க. துவண்டுடும். மடிச்சு உள்ள தள்ளிட்டு, காய வெச்சா பழையபடி நிமிந்துக்கும்."

அங்கிருந்த ஆண்களில் பாதிப் பேர் தோல் ஷாப்பு ஆட்கள். ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்றார்கள். பொழுதெல்லாம் தோலையே தொட்ட கைக்கு உலகம் முழுக்கத் தோல்தானே.

ஈரச் சாக்கைச் சுற்றினார்கள். அரை நாழிகையில் விளிம்பு நெகிழ்ந்தது. "பாத்தியா? கண்ணு போனா இன்னா, கை இருக்குது" என்றான் இருதயராஜ். எத்தனை மாசத்துக்குப் பிறகோ சிரித்தான். அவனே விளிம்பைப் பிடித்து மடக்கினான்.

கறுப்பு மேல்பூச்சு பொருக்காக உரிந்தது. உள்ளிருந்து சாம்பல் நிறத்தில் கூழ் பிதுங்கியது. கூழோடு ஒரு துண்டு கிழிந்து வந்தது. அதில் சின்னச் சின்னதாக அச்செழுத்து.

"யா அல்லா, காகிதம்!" என்று கத்தினார் சத்தார். "பழைய பேப்பரை ஒட்டிச் செஞ்சிருக்கான் வெள்ளைக்காரன்!"

இருதயராஜ் கையை விரித்தபடி நின்றான். விரல்களில் கூழ் வழிந்தது. "என் கைகூடப் பொய் சொல்லிடுச்சா சவுரி?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

முதல் துளி சவுரியம்மாளின் தோளில் விழுந்தது. இனி ஒரு மழை தாங்காது அந்தக் குழாய். திருப்பி ஏற்றினாலும் வழியிலேயே கரைந்துவிடும்.

"சௌந்தரம், கடப்பாரை எடு."

"அக்கா..."

"எடுடி!"

முதல் குத்தில் மண் பெயர்ந்தது. இரண்டாவதில் நிலைக்கட்டை ஆடியது. சத்தார் தம் தலைப்பாகையை அவிழ்த்துக் குழாயின் மேல் போர்த்தினார். யாரும் அவளுக்குக் கைகொடுக்கவில்லை. யாரும் விலகிப் போகவும் இல்லை. நிலையைப் பிடுங்கி எறிந்தாள். பக்கவாட்டில் ஒரு முழம் வெட்டினாள். மேலே கூரை வரை இடித்தாள். குழாய் வேண்டியதைவிட அதிகமாகவே இடித்தாள்.

குழாய் உள்ளே போயிற்று. மழை பிடித்துக்கொண்டது.

அதற்குள் சேரி முனை வேப்பமரத்தடியில் ஒரு குடை தெரிந்தது. அந்த மரத்துக்கு இந்தப் பக்கம் ஆதிகேசவன் கால் வைக்க மாட்டார். தீட்டு.

"எவடி அவ, செவுத்த இடிச்சவ?"

"நான்தான்."

"நான்தான் சாமின்னு சொல்ல வாய் வலிக்குதோ?"

"வலிக்கலே. கொஞ்சம் வேலையா கீறேன்."

யாரோ சிரித்து, உடனே இருமினார்கள்.

"டேய் ரத்தினம்! மண்ணைக் கொழைடா. ஒரு நாழிக்குள்ள அந்த வாசல் பழையபடி ஆவணும். இல்லேன்னா உன் கூரையும் கூடப் போவும்."

ரத்தினசாமி மண்வெட்டியை எடுத்தான். மழையில் மண் தானாகவே குழைந்து கிடந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டு சவுரியம்மாள் வீட்டை நோக்கி வந்தான். அவள் கடப்பாரையை இறுக்கிப் பிடித்தாள். தங்கச்சி என்று கூப்பிட்டவன்தான். ஆனால் வந்துகொண்டே இருந்தான்.

சத்தம் கேட்டு இருதயராஜ் உள்ளேயிருந்து வெளியே வந்தான். வழக்கம்போல இடுப்பை மடித்து, நிலையைத் தேடி ஒரு கையை மேலே நீட்டியபடி வந்தான். கை எதையும் தொடவில்லை. இன்னும் உயர்த்தினான். வெறும் காற்று. மெல்ல, எங்கே இடிக்குமோ என்று பயந்து பயந்து, முதுகை நிமிர்த்தினான். தன் வீட்டு வாசலில் முழு உயரத்துக்கு நின்றான்.

எதிரே யாரோ மூச்சு வாங்குவது அவனுக்குக் கேட்டது. "யாரு, ரத்தினமா? வாடா. குனியாம வா. இடிக்காது."

ரத்தினசாமியின் கையிலிருந்த மண் விரலிடுக்கில் வழிந்து மழையோடு போயிற்று. அவன் அதைத் திரும்ப அள்ளவில்லை.

"என்னடா நிக்கறே?" என்றது குடை.

"என்னால முடியலே சாமி." அவன் கையை வேட்டியில் துடைத்தான். "நீங்களே வந்து பூசிக்குங்க."

ஆதிகேசவன் மற்றவர்களைப் பார்த்தார். பேர் சொல்லிப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருவனும் அசையவில்லை. அவர் கோபத்துக்குக் குறைவில்லை. ஆனால் அதைச் செய்து முடிக்கிற கைகள் எப்போதும் இந்தப் பக்கத்துக் கைகளாகவே இருந்திருக்கின்றன. அந்த மண்ணை அவர் தொடமுடியாது. தொட்டால் தீட்டு என்று எழுதிவைத்த சாஸ்திரமே அன்று அவரை வேப்பமரத்தடியில் கட்டிப்போட்டது.

"பாத்துக்கறேன். எல்லாரையும் பாத்துக்கறேன்" என்று சொல்லிக் குடை திரும்பிற்று.

அது கண்ணை விட்டு மறைந்தது. ரத்தினசாமி நடுத்தெருவில் நனைந்துகொண்டு நின்றான்.

"நாளைலேந்து எனக்கு வேலை இல்லே தங்கச்சி. வீடு இருக்குதோ இல்லையோ" என்றான்.

"நாளைக்குப் பாக்கலாம்ணே." சவுரியம்மாள் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தாள். "உள்ள வா. மழை ஜாஸ்தியாவுது."