மாசி மாத இருமல்

நான் வேலை செய்யும் கிளினிக்கில் தை பிறந்ததும் நிலக்கீழ் அறையிலிருந்து மடக்குக் கதிரைகளை மேலே தூக்கி வர வேண்டும். சித்திரை முடியும்போது அவற்றைத் துடைத்து மறுபடி கீழே இறக்க வேண்டும். எந்த மாதம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று படித்தவர்கள் கோடு வரைந்து உள்ளே ஒட்டியிருக்கிறார்கள். ஏறி இறங்கும் அந்தக் கோடு எனக்குத் தேவையில்லை. எந்த மாதம் எந்த நோய் வருத்தம் வரும் என்பது ஒன்பது வயதிலேயே எனக்குப் பாடம்.

அப்போது நாங்கள் இந்தப் பிரெஞ்சு பேசும் நகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடியில் இருந்தோம். அந்தக் கட்டடத்துத் தமிழ்ப் பெரியவர்கள் யாருக்கும் பிரெஞ்சு கதைக்க வராது. பள்ளிக்கூடம் போகிற எனக்கு வந்தது. ஆகவே யாருக்கு வருத்தம் என்றாலும் என்னைக் கூட்டிக்கொண்டுதான் கிளினிக்குக்குப் போவார்கள். ஆட்களைக் கண்டால் ஒளிகிற பிள்ளை நான். மற்றவர்களின் வருத்தத்தைச் சொல்லும்போது மட்டும் எப்படியோ குரல் வந்துவிடும். தையில் உறைபனியில் வழுக்கி முறிந்த மணிக்கட்டுகள். மாசியில் இருமல். பனி கரைந்ததும் கண்கடி. யூலை முதலாம் திகதி நகரமே வீடு மாறும்; மறுநாள் இடுப்பு நோவும் நசுங்கிய விரல்களும். எல்லாவற்றுக்கும் என்னிடம் பிரெஞ்சில் சொல் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அம்மா சென்ட் லோரன்டில் ஒரு தையல் தொழிற்சாலைக்குப் போய்வந்தார். மாரிக் குளிரில் விடியுமுன் பஸ் ஏறி, இருட்டிய பின் வந்து இறங்குவார். அந்த மாசியில் ஒருநாள் காலை, ஒரு சப்பாத்து காலிலும் மற்றது கையிலுமாகக் கட்டிலில் இருந்தார். நான் பாண் தின்று முடித்து வந்து பார்த்தபோதும் அப்படியே இருந்தார். மூன்றாம் நாளும் அதே கோலம். வேலை போய்விடும் என்று பயந்த அப்பா, “துணைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் டொக்டரிட்டைக் காட்டு” என்றார்.

கிளினிக் கதவு திறக்குமுன்பே வரிசை தெருமுனை வரை நின்றது. உள்ளே எங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் கீழ்வீட்டு மாமி, வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

“பனிக்கு ஒரு வருத்தம், வெயிலுக்கு ஒரு வருத்தம். இஞ்சத்தை டொக்டர்மாருக்கு வருசம் முழுக்க அறுவடைதான்” என்று சிரித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். “உமக்கென்ன தங்கச்சி, தடிமனோ, சளியோ?”

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாமி என் பக்கம் திரும்பினார். எனக்கு முகம் சுட்டது.

“ஓம் மாமி, இருமல்” என்றேன்.

“ஓ, மாசியெல்லே. அதுதான்.”

மாமிக்கு அது போதுமாக இருந்தது. அங்கே எல்லோரும் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பெயர் கூப்பிட்டு உள்ளே போனோம். அம்மா மெல்லிய குரலில் தொடங்கினார்.

“டொக்டரிட்டைச் சொல்லு பிள்ளை. காலமை எழும்பேக்கை கையும் காலும் என்ரை இல்லாத மாதிரிக் கிடக்கு. கறிக்கு உப்புப் போட்டனோ எண்டும் தெரியுதில்லை. சும்மா இருக்க அழுகை வருது. ஏனெண்டு தெரியேல்லை. அதையும் சொல்லு.”

இவ்வளவு நீளமாக அம்மா கதைத்துப் பல நாளாகியிருந்தது. என்னிடம் மணிக்கட்டுக்குச் சொல் இருந்தது, தொண்டைக்கு இருந்தது. இதற்கு இல்லை. அம்மா அழுகிறார் என்பதை ஒரு வெள்ளைக்காரருக்குச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. வெளியே மாமியிடம் சொன்னது நாவில் ஆயத்தமாக இருந்தது.

“இருமல். மூன்று நாளாக” என்றேன் பிரெஞ்சில்.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

டொக்டர் அம்மாவின் முதுகில் குழாயை வைத்து இருமச் சொன்னார். நான் தமிழில் சொல்ல வாயெடுக்குமுன் அம்மா இருமினார். ஒருதரம் அல்ல, மூன்றுதரம். எனக்குப் பெரிய நிம்மதி. அப்படியென்றால் இருமல் உண்மையாகவே இருக்கிறது, நான் பொய் சொல்லவில்லை.

பாணி மருந்து எழுதித் தந்தார். தெருவில் அம்மா குனிந்து என் கழுத்துச் சால்வையை இறுக்கிக் கட்டினார்.

“கெட்டிக்காரி. வடிவாச் சொன்னாய்.”

வீடுவரை அந்தப் புகழ்ச்சியிலேயே நடந்தேன்.

மறுநாளிலிருந்து அம்மா வேலைக்குப் போனார். போகுமுன் குசினியில் நின்று ஒரு கரண்டி பாணியை விழுங்குவார். போத்தல் முடியும்வரை ஒரு நாளும் தவறவில்லை. அடுத்த மாசியில் மறுபடி ஒரு சப்பாத்தோடு இருந்தபோது, “கிளினிக்குக்குப் போவமோ அம்மா?” என்று கேட்டேன்.

“எனக்கொண்டுமில்லைப் பிள்ளை” என்று மற்றச் சப்பாத்தைப் போட்டார். அதற்குப் பிறகு எந்த மாரியிலும் என்னை ஒன்றும் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

பஞ்சுத் தூசிக்குள் நாள் முழுக்க இருமுகிற பெண்களுக்கு நடுவே வருடக்கணக்காக இருந்தவர் அம்மா. பிரெஞ்சு கதைக்க வராவிட்டாலும், இருமலுக்கான அந்த ஒரு சொல் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. கதிரைகளைத் தூக்கி வரும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மாவின் இருமல் அந்த ஒரு போத்தலோடு நின்றுவிட்டது என்பதுதான்.